மூட்டைக்கூலியும் கையுறையும்

1990களின் நடுவில் திருப்பூரில் ஒரு கெமிக்கல் குடோனில் கணக்கெழுதப் போய்ச் சேர்ந்தேன். சாயப்பட்டறைகளுக்கு வேண்டிய சரக்கெல்லாம் அங்கே வந்து இறங்கும். மேட்டூர், தூத்துக்குடிப் பக்கமிருந்து 50 கிலோ மூட்டைகளில் காஸ்டிக் சோடா வரும். சலவைக்கு ஹைட்ரஜன் பெராக்சைடும் ஹைப்போவும், சாயம் போட்ட பிறகு துணியை நடுநிலைக்குக் கொண்டுவர அசிட்டிக் ஆசிடும் கேன் கேனாக வரும். கிளாபர் உப்பும் சோடா ஆஷும் கூரை தொட அடுக்கியிருக்கும். நிறம் தப்பிப்போன துணியிலிருந்து சாயத்தை உரித்தெடுக்க இரும்பு டிரம்களில் ஹைட்ரோஸ். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரை மத்தியானத்தில் ஷட்டரைத் தூக்கி உள்ளே போனால் முதலில் கண் எரியும். அப்புறம்தான் இருட்டுப் பழகும்.

சேர்ந்த சில வாரங்களிலேயே மூக்கால் சரக்குப் பிரிக்கப் பழகிவிட்டேன். காடி வாடை வந்தால் எங்கோ அசிட்டிக் கேன் ஒழுகுகிறது. பிளீச்சிங் பவுடர் வாடை வந்தால் ஹைப்போ. காஸ்டிக்குக்கோ வாடையே கிடையாது. வெள்ளை வெளேரென்று, உடைத்த கல்கண்டு சில்லுபோல, பார்க்கச் சாதுவாக இருக்கும். குடோனில் அதிக ஆட்களைப் புண்ணாக்கியது அதுதான். ஆசிட்டைக் கண்டால் ஒதுங்கி நடந்தவர்கள் காஸ்டிக் மூட்டைமேல் உட்கார்ந்து பீடி பிடித்தார்கள்.

சரக்கு இறக்க ஒரு செட் லோடுமேன்கள் வருவார்கள். செட்டுக்கு ஒரு மேஸ்திரி. கூலி மூட்டைக்கு இவ்வளவு, கேனுக்கு இவ்வளவு என்று பேச்சு. ஒரு லாரியை எவ்வளவு சீக்கிரம் காலி செய்கிறார்களோ அவ்வளவு சீக்கிரம் அடுத்த குடோனுக்குப் போகலாம். மடித்துக் கட்டிய லுங்கி, தலையில் சும்மாடு, தோளில் ஈரிழைத் துண்டு, கையில் கொக்கி. சாக்கு மூட்டைக்கு ஏற்ற கொக்கி அது. காஸ்டிக் வருவதோ பிளாஸ்டிக் மூட்டையில். கொக்கி குத்திய ஓட்டை வழியாகச் சில்லுகள் பிடரியில் உதிரும்; வியர்வையில் கரைந்து முதுகில் இறங்கும்.

அதற்கு அவர்களிடம் ஒரு வைத்தியம் இருந்தது. காஸ்டிக் லோடு என்று தெரிந்தால் கழுத்திலும் தோளிலும் தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்வார்கள். தூசி பறக்கும் சரக்கு என்றால் வேலை முடிந்ததும் ஒரு துண்டு வெல்லமும் ஒரு வாழைப்பழமும். தொண்டையிலும் நெஞ்சிலும் ஒட்டியதையெல்லாம் அது அடித்துக்கொண்டு போய்விடும் என்று நம்பிக்கை. வெல்லம் தொண்டைக்கு இதமாக இருந்திருக்கும். நெஞ்சுக்குள் போன தூசியை அது தொடாது. எண்ணெய் இன்னும் மோசம். எண்ணெயும் காஸ்டிக்கும் சேர்ந்தால் சோப்பு. தோலில் இருக்கிற கொழுப்பையும் காஸ்டிக் அப்படித்தான் சோப்பாக்குகிறது. அதனால்தான் பட்டதும் வழவழவென்றிருக்கும். ஆசிட்போலச் சுரீரென்று சுடாது. வலி வருவதற்குள் ஆழமாகப் போயிருக்கும்.

குடோனில் பாதுகாப்புச் சாமானே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆபீஸ் அறையில் ஒரு இரும்பு பீரோ நிறைய இருந்தது. பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஹெல்மெட்டுகள், வெல்டிங் பட்டறையில் போடுகிற தோல் கையுறைகள், ஒரே சைஸில் கம்பூட்டுகள், இரண்டு கேஸ் மாஸ்க். பீரோச் சாவி முதலாளியின் மேஜை டிராயரில். அதிகாரி யாராவது வருகிறார் என்று தகவல் வந்தால் பீரோ திறக்கும். அவர் ஜீப் கிளம்பியதும் எல்லாவற்றையும் துடைத்து எண்ணி உள்ளே வைக்க வேண்டும். எண்ணி வைப்பது என் வேலை. ஸ்டாக் புத்தகத்தில் அவற்றுக்கு மேஜை, நாற்காலி, தராசு வரிசையில்தான் இடம்.

ஏன் போடுவதில்லை என்று கேட்டால் இரண்டு பக்கமும் தயாராகப் பதில் இருந்தது. "இவனுங்களுக்கு ஆயிரம் வாட்டி சொல்லியாச்சு, கேக்க மாட்டானுங்க" என்பது ஆபீஸ் பக்கம். மேஸ்திரியிடம் கேட்டேன். ஐம்பதைத் தாண்டியவர், விரல் நகங்கள் மஞ்சளேறி வெடித்திருக்கும். "ஏனுங் தம்பி, அந்தத் தோல் கிளவுசப் போட்டுக்கிட்டு மூட்டையப் புடிச்சுப் பாருங்க. புடியே கெடைக்காது. வழுக்கி ஒருத்தன் கால்ல வுழுந்தா யாருங்க பாக்கறது?" என்றார். அவர் சொன்னது நியாயம். அந்தக் கையுறை தீப்பொறிக்குச் செய்தது. காஸ்டிக் தண்ணீரைத் தோல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வெறுங்கையாக இருந்தால் கழுவிவிடலாம், தோல் கையுறை போட்டிருந்தால் நாள் முழுக்கக் காஸ்டிக்கில் ஊறும் கை.

ஒரு கோடையில் அதிகாரி வருகிறார் என்று எல்லாருக்கும் கம்பூட் கொடுத்தார்கள். லுங்கிக்குக் கீழே வெறும் கெண்டைக்கால், அதற்குக் கீழே வாய் அகன்ற ரப்பர் பூட். செட்டிலேயே சின்னவனான ஒரு பையன் காஸ்டிக் மூட்டையை இறக்கும்போது சில்லுகள் பூட்டுக்குள் விழுந்திருக்கின்றன. உள்ளே வியர்வை. முதலில் நமைச்சல்தான். பாதி லாரி மிச்சமிருந்தது. அவன் நின்றால் மற்றவர்களின் வேகமும் நிற்கும். முடித்துவிட்டே உட்கார்ந்தான். பூட்டைக் கழற்றியபோது கணுக்காலைச் சுற்றித் தோல் வெளுத்து, ஊறிய முறுக்கு மாவாய்க் குழைந்திருந்தது.

ஒருவர் எலுமிச்சம்பழம் தேடி ஓடினார். காரத்துக்குப் புளிப்பு மாற்று என்ற கணக்கு. உடம்பில் அந்தக் கணக்கு செல்லாது. புளிப்பும் காரமும் சேரும்போது கிளம்பும் சூடு வேறு சேர்ந்துகொள்ளும். தண்ணீர்தான் மருந்து, நிறையத் தண்ணீர், குறைந்தது 15 நிமிடம் ஓடிக்கொண்டே இருக்கிற தண்ணீர். கண்ணில் பட்டிருந்தால் இன்னும் நேரம், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலும் ஊற்றிக்கொண்டே போக வேண்டும். உற்பத்தி செய்த கம்பெனி அனுப்பிய தகவல் தாளில் இதெல்லாம் ஆங்கிலத்தில் அச்சாகி ஃபைலில் பத்திரமாக இருந்தது. குழாய் குடோனுக்குப் பின்பக்கம், போர் மோட்டார் அறைச் சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் டீக்கடையில். குடிக்க வைத்திருந்த இரண்டு குடத்தையும் மேஸ்திரி அவன் காலில் கவிழ்த்தார். மோட்டார் ஓடித் தண்ணீர் வந்த பிறகு பையனை நகரவிடாமல் குழாயடியில் உட்கார வைத்தோம்.

புண் ஆற மாதக்கணக்கானது. ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி கொடுத்தார்; வேலைக்கு வராத நாள்களுக்குச் செட்டுக்காரர்கள் தங்கள் கூலியில் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். அவன் யாருடைய தொழிலாளி என்ற கேள்வி அப்போதுதான் எனக்கு உறைத்தது. குடோன் சம்பளப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. லாரி ஆபீசும் தன் ஆள் இல்லை என்றது. சரக்கு அனுப்பிய கம்பெனிக்கு அவன் இருப்பதே தெரியாது.

சட்டங்களுக்குக் குறைச்சல் இல்லை. 1984 டிசம்பரில் போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் கசிந்து ஆயிரக்கணக்கானோர் செத்த பிறகு, 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987இல் புதிய அத்தியாயம் சேர்த்தார்கள். தான் கையாளுகிற பொருள் என்ன செய்யும் என்று தொழிலாளிக்குச் சொல்லியாக வேண்டும், ஆபத்து நெருங்கியிருக்கிறது என்று தோன்றினால் எச்சரிக்க அவனுக்கு உரிமை உண்டு என்பதெல்லாம் அதில் வந்தது. 1989இல் அபாயகரமான ரசாயனங்களைத் தயாரிப்பதற்கும் சேமிப்பதற்கும் இறக்குமதி செய்வதற்கும் தனி விதிகள் வந்தன. கேன்மேல் லேபிளும் கூடவே தகவல் தாளும் கட்டாயமாயின. தமிழ்நாட்டில் சுமை தூக்குவோர் முதலான உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று 1982லேயே ஒரு சட்டம் உண்டு. ஆனால் பொருள் தயாரிக்காமல் வாங்கி விற்கிற குடோன் தொழிற்சாலையா கடையா என்பதில் தொடங்கும் வழக்கு, மூட்டை தூக்குகிறவனின் கணுக்காலுக்கு வந்து சேர ரொம்ப நாளாகும்.

மாற்றம் வந்தது கூலிப் பேச்சில். வழக்கமாகத் தீபாவளிக்கு முன்னால் ரேட் பேச வருவார்கள். அந்த வருடம் மேஸ்திரி ரேட்டைப் பற்றிப் பேசாமல் வேறொன்றைக் கேட்டார்.

"மொதலாளி, கிளவுஸ் போட்டு, கொக்கி இல்லாம எறக்குனா ஒரு லோடுக்கு அரை மணி நேரம் சேத்தி ஆகுதுங்க. அந்த அரை மணி நேரத்துக்குக் காசு யாருங்க குடுக்கறது? இப்ப நாங்கதானுங்க குடுத்துக்கிட்டு இருக்கறோம்."

முதலாளி என்னைப் பார்த்தார். கொக்கி குத்திக் கிழிந்த மூட்டைகளின் கணக்கு என்னிடம் இருந்தது. கிழிந்த மூட்டையில் காற்று பட்டால் காஸ்டிக் ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடும். சில்லு உதிர்ந்து எடையும் குறையும். பட்டறைக்காரர் திருப்பி அனுப்புவார். ஒரு வருடத்தில் அப்படித் திரும்பிய சரக்கின் விலையை வாசித்தேன். அவர் கொஞ்ச நேரம் கால்குலேட்டரைத் தட்டினார். காஸ்டிக், ஆசிட் லோடுகளுக்குத் தனி ரேட் என்று முடிவானது. கூடவே சில நிபந்தனைகள்: கொக்கி கூடாது, லுங்கி கூடாது, மூட்டை பிடரியில் ஏறக் கூடாது, தள்ளுவண்டியில்தான் போக வேண்டும்.

பிறகு நடந்தவை மளமளவென்று நடந்தன. பீரோ பூட்டு போனது. கையுறை, கண்ணாடி, ஏப்ரன் எல்லாம் ஷட்டர் பக்கத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டன. வாசலிலேயே ஒரு சிமெண்ட் தொட்டியும், மேல்தொட்டியிலிருந்து நேராக இறங்கும் ஒரு குழாயும் வந்தன. மோட்டார் ஓடாவிட்டாலும் தண்ணீர் விழும்.

சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றிலிருந்து வந்த பொறியாளர் ஒருவர் ஒரு நாள் முழுக்கச் செட்டோடு நின்றார். சொற்பொழிவு எதுவும் செய்யவில்லை. கையுறை போடக் கற்றுக்கொடுத்தார். ஆசிடுக்கும் காஸ்டிக்குக்கும் நைட்ரைல் அல்லது பிவிசி, தோல் கூடவே கூடாது. போடுவதற்கு முன் வாயருகில் பிடித்து முறுக்கிக் காற்றை அடைத்து, அமுக்கிக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். ஊசி ஓட்டை இருந்தால் உஸ்ஸென்று சொல்லிவிடும். கையைத் தொங்கவிட்டுச் செய்கிற வேலைக்குச் சட்டைக் கை கையுறைக்கு மேலே வர வேண்டும். கேனை மேலே தூக்கி அடுக்குகிறபோது கையுறைதான் சட்டைக்கு மேலே, அதுவும் விளிம்பைச் சுருட்டிவிட்டு. இல்லாவிட்டால் வழிகிற ஆசிட் முழங்கை வரைக்கும் போகும். பேன்ட்டை பூட்டுக்குள் சொருகக் கூடாது, வெளியே விட வேண்டும். இதைக் கேட்டதும் எல்லாரும் அந்தப் பையனின் காலைப் பார்த்தார்கள்.

மாஸ்க் பற்றியும் சொன்னார். துணி மாஸ்க்கோ தூசி மாஸ்க்கோ தூசியைத்தான் தடுக்கும், வாயுவுக்கு அது இருந்தாலும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கேஸ் மாஸ்க்கில் திருகுகிற டப்பாவுக்குள் இருக்கும் கரிக்கு ஆயுசு உண்டு. உறை பிரித்து ஆணியில் மாட்டி வைத்தால் யாரும் போடாமலேயே தீர்ந்துபோகும். மஞ்சள் பட்டை கந்தக வாயுவுக்கு, பச்சை அமோனியாவுக்கு, பழுப்பு கரைப்பான் ஆவிக்கு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டுக்கொள்ள முடியாது. காற்றே இல்லாத தொட்டிக்குள் இறங்க இவற்றில் எதுவும் உதவாது. எங்கள் பீரோவில் இருந்த இரண்டு மாஸ்க்கையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். காலாவதியாகி வருடங்கள் ஆகியிருந்தன.

போகும்போது அவர் சொன்னதுதான் குடோனையே இடம் மாற்றியது: கையுறையும் மாஸ்க்கும் கடைசிக் காவல், முதல் காவல் எதற்குப் பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பது. அதுவரை வாசலுக்குக் கிட்டே எது சீக்கிரம் விற்குமோ அது என்பதே எங்கள் சாஸ்திரம். அந்தக் கணக்கில் ஹைப்போவும் ஆசிட் கேன்களும் தோளோடு தோள் நின்றன. இரண்டும் ஒழுகிக் கலந்தால் குளோரின். அவற்றுக்கு நடுவில் உப்பு மூட்டைகளைச் சுவராக அடுக்கினோம். பெராக்சைடு கேன் மூடியில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும்; அது தானாகச் சிதைந்து ஆக்சிஜன் விடுவதால் மூச்சு விட வைத்த வழி. கம்பெனிக்காரன் தப்பாகச் செய்துவிட்டான் என்று நினைத்து அதில் துணியைத் திணித்து அடைப்பது எங்கள் ஆட்கள் வழக்கம்; கோடையில் கேன் வயிறு உப்பி நிற்கும். துணிகளைப் பிடுங்கி எறிந்து, கேன்களை நிமிர்த்தி நிழலான மூலைக்கு மாற்றினோம். ஹைட்ரோஸ் எதிர் மூலைக்குப் போனது, மரப்பலகைமேல், தரை ஈரம் ஏறாதபடி. எந்த மூலையில் என்ன, எவ்வளவு, லாரிப் பலகையில் இருந்த அதன் நாலு இலக்க ஐ.நா. எண் என்ன என்று ஒரு ரிஜிஸ்தர் போட்டு வாசலில் கட்டித் தொங்கவிட்டேன்.

ஓர் ஐப்பசியில் விடிய விடிய மழை. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் தீக்குச்சி கொளுத்திய வாடை மூக்கில் ஏறியது. கூரை ஷீட் விரிசல் வழியாகச் சொட்டிய தண்ணீர் மூடி சரியாக இறுகாத ஒரு ஹைட்ரோஸ் டிரம்முக்குள் இறங்கியிருக்கிறது. வாட்ச்மேன் ஹோஸ் பைப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேஸ்திரி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். ஹைட்ரோசுக்குக் கொஞ்சம் தண்ணீர் பட்டால் சூடு கூடும், கந்தக வாயு இன்னும் கிளம்பும். ஊற்றுவதென்றால் மூழ்கடிக்கிற அளவுக்கு ஊற்ற வேண்டும். புதிதாக வாங்கிய மஞ்சள் பட்டை மாஸ்க் போட்ட இரண்டு பேர் போய்ப் பார்த்தார்கள். டிரம் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. டிரம் வண்டியில் ஏற்றிக் காலி மனைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் காற்று வரும் பக்கமாக ஒதுங்கி நின்றோம். தீயணைப்பு வண்டி வந்ததும் அதிகாரி கேட்ட முதல் கேள்வி "உள்ள என்ன இருக்கு?" என்பது. ரிஜிஸ்தரைக் கொடுத்தேன். ஹைட்ரோசுக்கு நேரே இருந்த 1384 என்ற எண்ணைப் பார்த்ததும் அவர் அடுத்த கேள்வி கேட்கவில்லை. ஒரு டிரம் சரக்கு போனது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பத்தடி தள்ளிப் பெராக்சைடு இருந்திருந்தால்? பழைய அடுக்கில் அது அங்கேதான் இருந்தது.

நான் வேலையைவிட்டு வெளியே வந்து பல வருடம் கழித்து, 2020 ஆகஸ்ட் 4ஆம் தேதி பெய்ரூட் துறைமுகத்தில் 12ஆம் எண் கிடங்கு வெடித்தது. கேட்பாரில்லாமல் வருடக்கணக்காகக் கிடந்த 2,750 டன் அமோனியம் நைட்ரேட். 200 பேருக்குமேல் செத்தார்கள். அந்த வாரமே சென்னை மணலி செய்தியில் வந்தது. 2015இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த அதே சரக்கு, ஏறக்குறைய 700 டன், அங்கே ஒரு கன்டெய்னர் நிலையத்தில் ஐந்து வருடமாகக் கிடந்திருக்கிறது. பெய்ரூட்டுக்குப் பிறகுதான் அவசர அவசரமாக ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். அதே வளாகத்தில் தினமும் பெட்டி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த தொழிலாளிகளில் எத்தனை பேருக்குப் பக்கத்துக் கன்டெய்னரில் என்ன இருக்கிறது என்று யாராவது சொல்லியிருப்பார்கள்? அப்படிப்பட்ட இடத்தில் எந்தக் கையுறையைக் கொடுத்தும் பயனில்லை.

என் அண்ணன் மகன் இப்போது ஒரகடம் பக்கம் ஆன்லைன் சரக்குக் கிடங்கு ஒன்றில் வேலை செய்கிறான். பளபளக்கும் ஜாக்கெட், இரும்பு முனை வைத்த ஷூ, சுவரெங்கும் பாதுகாப்பு வாசகங்கள். எங்கள் காலத்தைவிட எவ்வளவோ மேல். பேச்சுவாக்கில் அவன் கையுறையைக் காட்டினான். ஆள்காட்டி விரல் நுனியைக் கத்தரித்திருந்தான். "ஸ்கேனர் டச்சுக்கு ஒத்துக்க மாட்டேங்குது சித்தப்பா. ஒரு மணி நேரத்துக்கு இத்தனை எடுத்தாகணும்னு கணக்கு இருக்குல்ல" என்றான். அவன் பிரிவில் கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் பாட்டில்களும் பிளீச் பாட்டில்களும் ஓடுகின்றன. சில சமயம் பெட்டிக்குள்ளேயே உடைந்து வரும். அந்த ஈரமான அட்டைப்பெட்டியைத் தொடுவது அந்த விரல் நுனிதான். அவனுடைய சூப்பர்வைசரும் "சொன்னா கேக்க மாட்டாங்க" என்றுதான் சொல்வாராம்.

கேட்காதவர்கள் என்று யாரையும் நான் பார்த்ததில்லை. கையுறை தின்கிற நேரத்தைத் தங்கள் சாப்பாட்டுக் காசிலிருந்து கொடுக்க முடியாதவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்துக்கு விலை வைத்த நாளிலிருந்து எங்கள் செட்டில் ஒருவரையும் மிரட்ட வேண்டியிருக்கவில்லை. பிந்திய வருடங்களில் கையுறை தீர்ந்துவிட்டால் லாரி வந்து நின்றாலும் ஷட்டருக்குள் கால் வைக்க மாட்டார்கள்.

ஸ்டாக் புத்தகம் எழுதியவன் என்பதால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கிடங்குக்குப் போனாலும் சுவரில் மாட்டியிருப்பதைப் பார்த்து மதிப்புப் போடமாட்டேன். கையுறை கடைசியாக எப்போது வாங்கினீர்கள் என்று கேட்பேன். போன வாரம் என்று அலுத்துக்கொண்டே சொன்னால், அங்கே கையுறை கிழிகிறது, அதாவது யாரோ போட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள். போன வருடம் வாங்கியது இன்னும் புதிதாக இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னால் தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வேன். எங்கள் குடோனில் மேஜை நாற்காலி வரிசையிலிருந்து கையுறையை அடித்துவிட்டு, டீசல், சணல், மூட்டைத் தையல் நூலோடு மாதச் செலவுப் பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். அதன் இடம் அதுதான்.